சொல்வதற்கில்லை

மத்ரஸாவில் ஓதி, அரபும் தமிழும் கற்பித்து வாழ்நாளைக் கழித்துவரும் ஒருவன் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எழுதப் புகுந்தால், வாசக அன்பர்களில் சிலருக்கு வியப்பும் சிலருக்கு வருத்தமும் தோன்றக்கூடும். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், நம் வீடுகளில் எது நடக்கிறதோ அதைப் பற்றித்தானே நாம் பேசியாக வேண்டும்? இஷாத் தொழுகை முடிந்து, உணவும் முடிந்து, வீட்டார் அனைவரும் ஓரிடத்தில் கூடுகின்ற அந்த ஒரு மணி நேரத்தில் நம் உள்ளங்கள் எங்கே சஞ்சரிக்கின்றன என்பது கவனிக்கத் தகுந்த செய்தியே. அப்படிப்பட்ட ஓர் இரவில் என் வீட்டுக் கூடத்தில் தொடங்கிய ஒன்று, இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் நான் செய்த பிழையில் கொண்டுபோய் என்னை நிறுத்தியது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் ஏனாத்தூர் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஊர். பல்கலைக்கழகம் ஒன்று இங்கே இருப்பதால் வெளியூர் மாணவர்களின் நடமாட்டம் உண்டு. மற்றபடி காஞ்சியைச் சுற்றியுள்ள எல்லா ஊர்களையும் போலப் பட்டுத் தறியின் ஓசையில் விடிந்து, அதே ஓசையில் இருட்டுகிற ஊர்தான். 2022 டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்கு என் மகள் தன் கணவர் வீட்டிலிருந்து வந்திருந்தாள். கல்லூரியில் படிக்கும் இளைய மகனும் வீட்டில் இருந்தான். அவன்தான் இணையத்தின் வழியாகத் தொலைக்காட்சிப் பெட்டியில் ‘வதந்தி’ என்னும் தொடரைப் போட்டான். அம்மாதம் 2-ஆம் தேதி அமேசான் பிரைமில் வெளிவந்த தொடர் அது. ஆண்ட்ரூ லூயிஸ் எழுதி இயக்கியது. புஷ்கர், காயத்ரி இணையர் தயாரித்தது. எட்டுப் பகுதிகள் கொண்டது.

கன்னியாகுமரிப் பக்கத்தில் வெலோனி என்னும் இளம்பெண் ஒருத்தி கொலையுண்டு கிடக்கிறாள். விவேக் என்னும் உதவி ஆய்வாளர் துப்புத் துலக்க முற்படுகிறார். எஸ்.ஜே. சூர்யா அந்த வேடத்தை ஏற்றிருந்தார். இறந்தவள் வாய் திறந்து பேச முடியாது. ஆகையால் அவளைப் பற்றிப் பிறர் பேசுகிறார்கள். தாய் ஒன்று சொல்கிறாள்; ஊர் ஒன்று சொல்கிறது; பத்திரிகை வேறொன்று சொல்கிறது. பேச்சுக்குப் பேச்சு அந்தப் பெண் உருமாறிக்கொண்டே போகிறாள். தொடருக்கு அமைந்த பெயர் பொருத்தமானதே.

நான் முதல் நாள் நூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பார்ப்பவன் போலவும் பாராதவன் போலவும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் நூலை எடுக்கவே மறந்துவிட்டேன். மெய்யை மறைப்பானேன்? இருட்டும் மழையும் அச்சமும் கலந்த அந்தக் கதை என்னையும் கட்டிப்போட்டது. பக்கத்து வீட்டு நெசவாளர் தம் மனைவியோடு வந்து வாசற்படியருகே அமர்ந்துகொண்டார். ஒவ்வொரு பகுதியும் முடிகிற இடத்தில் ஒருவர்மீது ஐயம் விழும்படி கதையை நிறுத்துவார்கள். உடனே கூடம் ஒரு நீதிமன்றமாகிவிடும்.

“தாய்க்காரிதான் எதையோ மறைக்கிறாள்” என்பாள் என் மனைவி.

“அம்மா, அவளைக் கட்டிக்கொள்ள வந்தவன் முகத்தைப் பாருங்கள்; அதில் ஏதோ இருக்கிறது” என்பான் மகன்.

“அந்தப் பெண்ணே சரியில்லை” என்று ஒரு நாள் நெசவாளரின் மனைவி தீர்ப்பு வழங்கினார். கொலையுண்டவளே குற்றவாளியாகிவிட்டாள்! என் மகள் ஒருத்திதான், “செத்துப்போனவளைப் பற்றி அப்படிச் சொல்லாதீர்கள் அத்தை” என்று மெல்லச் சொன்னாள்.

நானும் என் பங்குக்கு ஒருவரைச் சுட்டினேன். மறுநாள் அவர் நிரபராதி என்று தெரிந்தது. வேறொருவரைச் சுட்டினேன். அதுவும் பொய்த்தது. எட்டு இரவுகளில் எங்கள் கூடத்தில் தண்டனை பெற்றவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். ஒருவரிடத்திலாவது நாங்கள் வருத்தம் தெரிவித்தோமா? இல்லை. சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் போனோம். கதைமாந்தர்தாமே, அவர்களுக்கு நோகப் போகிறதா?

இது புதிய பழக்கமும் அன்று. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ பாட்டு ஒன்றுகூட இல்லாமல் வந்த தமிழ்ப் படம். வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். விசாரிக்கப்படுகிற ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் ஒரு கதை சொல்கிறார்கள். அதற்கு நான்காண்டு முன்னர், 1950-இல், ஜப்பானில் அகிரா குரோசாவா ‘ரஷோமோன்’ படத்தில் ஒரே நிகழ்ச்சியை நால்வர் வாயால் நான்கு விதமாகச் சொல்ல வைத்தார். பிற்காலத்தில் இந்த உத்தி தொலைக்காட்சிக்கு வந்து நீண்ட தொடர்களாக விரிந்தது. 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கொடுமையின் விசாரணையை வைத்து எடுக்கப்பட்டு 2019-இல் வெளிவந்த ‘தில்லி கிரைம்’ மறு ஆண்டில் சர்வதேச எம்மி விருதைப் பெற்றது. தமிழில் 2022 ஜூனில் ‘சுழல்’ வந்தது. எங்கள் காஞ்சி வட்டாரத்தார் மாசி மாதந்தோறும் காண்கின்ற மயானக் கொள்ளைத் திருவிழாவைப் பின்னணியாகக் கொண்ட கதை அது. அதையும் என் பிள்ளைகள் பார்த்து, யார் செய்தது, யார் செய்தது என்று நாள்முழுதும் வாதாடியிருக்கிறார்கள்.

ஐயுறுவதில் மனிதனுக்கு ஓர் இன்பம் இருக்கிறது. பிறர் காணாததைத் தான் கண்டுவிட்டதாக எண்ணும்போது உள்ளம் பூரிக்கிறது. கதை எழுதுவோர் இந்த இயல்பை நன்கறிந்தவர்கள். முகம் ஒன்றைச் சற்று நேரம் கூடுதலாகக் காட்டுவார்கள். பின்னால் இசையைக் கனக்க விடுவார்கள். நம் உள்ளம் தானே ஓடிப்போய் அந்த மனிதனைப் பிடித்துக்கொள்ளும். இதுவரையில் இதைப் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம் என்றே எனக்குத் தோன்றியது.

அதே விடுமுறையில் வேறொரு காவல் தொடரையும் பார்த்தார்கள். அதில் ஓர் இரவு, ஐயத்தின்பேரில் பிடித்து வரப்பட்ட இளைஞன் ஒருவனை நிலையத்தில் வைத்து அடிக்கிறார்கள். அவன் எதற்கும் வாய் திறக்கவில்லை. என் மகன் நல்லவன், எறும்புக்கும் தீங்கெண்ணாதவன். அவன் முன்னால் சாய்ந்து, “இன்னும் இரண்டு போட்டால் சொல்லிவிடுவான்” என்றான். நெசவாளர் தலையை ஆட்டினார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அடி விழுந்தால் உண்மை வெளிவரும், கதை நகரும் என்று என் உள்ளமும் காத்திருந்தது.

அப்போது காட்சியில் அந்த இளைஞனின் இரு கைகளையும் காட்டினார்கள். உள்ளங்கைகள் வீங்கியிருந்தன.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எழுந்து வெளியே திண்ணைக்கு வந்துவிட்டேன். அத்தகைய கைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

1994-ஆம் ஆண்டு. மத்ரஸாவில் ஓதி முடித்து வந்து, இங்கே சிறுவர்களுக்கு மாலை வேளையில் குர்ஆன் ஓதவும் தமிழ் எழுதவும் கற்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயதிருக்கும். என்னிடம் ஓத வந்தவர்களில் தந்தையை இழந்த பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன். பகலெல்லாம் ஒரு தறிக்காரர் வீட்டில் வேலை. காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்து கோர்வையாக நெய்யப்படும்போது மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைப்பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்நாளில் அந்த வேலைக்குச் சிறுவர்களையே வைத்தார்கள். இவனுடைய தாயார் முன்பணம் வாங்கி மகனை அங்கே அமர்த்தியிருந்தார். மஃரிப் நேரத்துக்கு மேல் ஓத வரும்போது அவன் கண்கள் சிவந்திருக்கும். பேசுவது அரிது. எந்தக் கேள்விக்கும் குனிந்தபடியே பதில் சொல்வான்.

ஒரு நாள் அந்தத் தறிக்காரர் வீட்டில் ஒரு மார்க் சரிகை காணாமற்போயிற்று. வெள்ளியும் பொன்னும் சேர்ந்த பொருளல்லவா? நெசவுக் குடும்பத்துக்கு அது பெரிய இழப்பு. நண்பகல் தொழுகை முடிந்து வெளியே வந்த என்னைத் தறிக்காரர் வழியில் மறித்தார். அவர் கொடியவர் அல்லர், கலங்கிப்போயிருந்தார்.

“ஹஜ்ரத், பையன் உங்களிடம் ஓதுகிறவன். உங்களுக்குத்தான் அவன் குணம் தெரியும். எடுத்திருப்பானா?” என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? அவன் ஒருநாளும் பிறர் பொருளைத் தொட்டு நான் கண்டதில்லை. சக மாணவன் விட்டுச் சென்ற எழுதுகோலைக் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்தவன் அவன். எனக்குத் தெரிந்தது அவ்வளவும் நன்மையே. ஆனால் அவன் ஏழை என்பதும், குனிந்த தலை நிமிராதவன் என்பதும், கேட்டால் விழிப்பவன் என்பதும் அந்தக் கணத்தில் என் முன்னே வந்து நின்றன. நாளைக்கு அவன்தான் எடுத்தான் என்று வந்துவிட்டால், நற்சான்று கொடுத்த என் பெயர் என்னாகும் என்ற எண்ணமும் வந்தது. இளம் வயதில் ஊரார் தந்த மதிப்பு எனக்குப் புதிது. அதைக் காத்துக்கொள்ள விரும்பினேன். ஆகவே சொன்னேன்:

“சொல்வதற்கில்லை.”

அந்த ஒரு சொல்தான். அன்று பிற்பகல் பக்கத்து ஊரில் மீலாதுக் கூட்டத்தில் பேசுவதற்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் திரும்பியபோது செய்தி தெரிந்தது. ஹஜ்ரத்தே உறுதி சொல்லவில்லை என்ற பிறகு தறிக்காரருக்கு ஐயம் வலுத்துவிட்டது. புகார் கொடுத்திருக்கிறார். பையனை மாலையில் காவல் நிலையத்துக்குக் கூட்டிச் சென்று விடியும்வரை வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். அவன் வீட்டுக்குப் போனேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தான். இரு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தான். விரல்களை மடக்க முடியாதபடி உள்ளங்கைகள் வீங்கியிருந்தன. நாடா தள்ளுகின்ற கைகள்.

ஏறத்தாழ ஒரு மாதம் சென்று சரிகை கிடைத்தது. அவசர வேலைக்காக இன்னொரு வீட்டுத் தறிக்கு அதை எடுத்துக் கொடுத்தவர் தறிக்காரரின் மைத்துனரே! சொல்ல மறந்துவிட்டாராம். அதற்குள் அந்தத் தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு ஆரணிப் பக்கம் தன் தமையன் வீட்டுக்குப் போய்விட்டார். ஊர் சில நாள் வருந்திப் பேசியது, பிறகு மறந்துவிட்டது. நானும் மறந்துவிட்டதாகவே இருந்தேன்.

திண்ணையில் உட்கார்ந்து இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தபோது, இதற்கு முன் எனக்கு விளங்காத ஒன்று விளங்கியது. 2021 நவம்பரில் ‘ஜெய் பீம்’ படம் வந்தபோது இதே கூடத்தில் இதே மனிதர்கள் அழுதார்கள். 1993-இல் கடலூர்ப் பக்கத்தில் திருட்டுக் குற்றம் சுமத்தப்பட்டுக் காவலில் இறந்த ராஜாக்கண்ணுவின் வழக்கைத் தழுவியது அந்தப் படம். அவ்வழக்கை நடத்திய வழக்கறிஞர் சந்துரு பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கியவர். அந்தப் படத்தில் அடி விழும்போதெல்லாம் என் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்தத் தொடரில் அவனே “இன்னும் இரண்டு” என்கிறான். ஏன்? அங்கே அடிபடுகிறவன் நிரபராதி என்பதை நமக்கு முன்கூட்டியே காட்டிவிட்டார்கள். இங்கே காட்டவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு. அடிப்பது தவறு என்பதனால் நாம் அழுதோமில்லை. அடிபடுகிறவன் நிரபராதி என்று தெரிந்ததனால் அழுதோம். ஆனால் மெய்யான காவல் நிலையத்தில், மெய்யான இரவில், யார் நிரபராதி என்று முன்கூட்டிக் காட்டுவதற்கு எவர் இருக்கிறார்?

2020 ஜூனில், ஊரடங்கு நாளில், சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திய ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டுக் காவலில் அடிபட்டு இறந்தார்கள். நாடே பதைத்தது. அப்போது ‘சாமி’, ‘சிங்கம்’ முதலிய படங்களை எடுத்த இயக்குநர் ஹரி, காவல்துறையை உயர்த்திக் காட்டி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விடுத்தார். அந்தச் சொல்லில் ஒரு நேர்மை இருந்தது. ஆனால் அந்தப் படங்களுக்குக் கை தட்டியவர்களாகிய நம்மில் எத்தனை பேர் அதுபோல வருந்தினோம்?

சட்டம் இயற்றியவர்கள் நம்மைவிட எச்சரிக்கையாக இருந்திருக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிறுவக் கூடாது என்று 25-ஆம் பிரிவில் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்துள்ள பாரதிய சாட்சியச் சட்டமும் 23-ஆம் பிரிவில் அவ்விதியைக் காத்து வருகிறது. காவல் தொடர்களில் கைதி ஒப்புக்கொண்டவுடன் கதை முடிந்துவிடுகிறது. நாமும் நிம்மதியாக உறங்கப் போகிறோம். நீதிமன்றத்திலோ அந்த ஒப்புதல் அத்தனை எளிதில் சான்றாக நிற்பதில்லை. வலி தாங்காதவன் எதையும் ஒப்புக்கொள்வான் என்று அறிந்தே அந்த வேலியைப் போட்டார்கள். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினர்க்குத் தெரிவிக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்விக்க வேண்டும் என்றெல்லாம் நெறிமுறைகள் வகுத்தது. பதினாறு வயது நிரம்பாத சிறுவனைக் காவல் நிலையத்தில் வைக்கலாகாது என்பது 1986-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்திலேயே இருந்தது. அதாவது, என் மாணவனை அன்றிரவு அங்கே வைத்திருந்ததே சட்டத்துக்கு மாறானது. அப்போது அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், “சொல்வதற்கில்லை” என்று சொன்னவன் என்ன செய்திருப்பேன்?

சட்டம் தெரியாது என்றேன். ஆனால் நான் தெரிந்து வைத்திருந்தவை எனக்குப் போதுமானவை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது மதீனாவில் அவதூறு பரப்பப்பட்ட ‘இஃப்க்’ நிகழ்ச்சியை நான் அந்த ஆண்டுதான் மாணவர்களுக்கு விளக்கியிருந்தேன். ஊர் ஒரு மாத காலம் முணுமுணுத்தது. அந்நாளில் நபி (ஸல்) அவர்கள் தம் மற்றொரு துணைவியாராகிய ஸைனப் (ரலி) அவர்களிடம் ஆயிஷாவைப் பற்றி வினவினார்கள். அன்னை ஸைனபோ நாயகத்தின் இல்லத்தில் ஆயிஷாவுக்கு நிகராக நின்றவர். ஒரு சொல்லை மழுப்பியிருந்தால் போதும். எவரும் குறை காண முடியாது. ஆனால் காணாததையும் கேளாததையும் சொல்ல மறுத்து, ஆயிஷாவைப் பற்றித் தாம் நன்மையன்றி வேறொன்றும் அறியேன் என்னும் கருத்தில் உறுதியாகப் பதிலளித்தார்கள். இதை மாணவர்கள் மனம் உருகும்படி எடுத்துச் சொன்ன நான், அதே கேள்வி என்னிடம் வந்தபோது என்ன சொன்னேன்?

தமிழும் எனக்கு அதையே கற்பித்திருந்தது. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன், ஆராயாமல் ஆணையிட்டுவிட்டான் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதற்குப் பின் வரும் பகுதியை அவ்வளவாக நினைப்பதில்லை. கோவலனை நேரில் கண்ட காவலர்கள் தயங்குகிறார்கள். இவன் முகக்குறி கள்வன் குறி அன்று என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்து, கள்வர்களின் தந்திரங்களை ஒன்றொன்றாக எடுத்துரைத்து, தோற்றத்தை நம்பக் கூடாதென்று வாதாடுகிறான். உண்மையான கள்வன் அவன்தான்! அந்த வாதத்தில் எல்லாரும் மயங்கி நிற்கையில் குடிவெறியன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். முகத்தைப் பார்த்துக் கள்வன் அல்லன் என்றாலும் சரி, கள்வன் என்றாலும் சரி, அங்கே எவரும் சான்று கேட்கவில்லை. எங்கள் கூடத்தில் நாங்கள் செய்ததும் அதுதான். சாட்சியம் கொண்டுவருவது குற்றம் சுமத்துகிறவரின் கடமை என்று ஃபிக்ஹு நூல்களில் படித்தவன் நான். கூடத்தில் அமர்ந்தவுடன் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டேன்.

சிறிது நேரங்கழித்து உள்ளே போனேன். தொடரை நிறுத்தி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்கள். “என்ன அத்தா, உடம்புக்கு முடியவில்லையா?” என்றாள் மகள். எல்லோர் முன்னிலையிலும் அந்தச் சரிகைக் கதையைச் சொன்னேன். என் மனைவிக்கே அதுவரை தெரியாது. நெசவாளர் அந்தத் தறிக்காரரை அறிந்தவர், தலையைக் குனிந்துகொண்டார். வெகுநேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் மகன்தான் கேட்டான்:

“அப்புறம் அவரைத் தேடிப் பார்த்தீர்களா, அத்தா?”

இந்தக் கேள்விக்கும் என்னிடம் விடை இல்லை. தேடவில்லை. ஆரணி இங்கிருந்து ஒரு பகல் பயணத் தொலைவுகூட இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் அந்தப் பேருந்தில் ஏறவில்லை.

நெசவாளருக்கு ஆரணித் தறிக்காரர்களோடு தொடர்பு உண்டு. அவர் விசாரித்துச் சொன்னார். 2023 தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் மகனையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். பையன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவர் நாற்பதைக் கடந்தவர். தாடியில் நரை தெரிந்தது. சொந்தமாக இரண்டு தறி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டு தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து ஸலாம் சொல்லி இரு கைகளாலும் என் கைகளைப் பற்றிக்கொண்டார். விரிப்பு விரித்து உட்கார வைத்தார். தம் பிள்ளைகளை அழைத்து, “இவர்தான் எனக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுத்த ஹஜ்ரத்” என்று அறிமுகம் செய்தார்.

பிறகு தாமாகவே பழைய பேச்சை எடுத்தார். “அன்றைக்கு ராத்திரி அம்மா உங்களைத் தேடிக்கொண்டு வந்தார்கள் ஹஜ்ரத். நீங்கள் ஊரில் இல்லையென்று சொன்னார்களாம். ஹஜ்ரத் மட்டும் ஊரில் இருந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னை விட்டிருப்பார்கள் என்று மவுத்தாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்” என்றார்.

அவருக்குத் தெரியாது. அந்தத் தாய்க்கும் தெரியாது. தறிக்காரர் யாரிடம் கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்பது அவர்கள் காதுக்கு எட்டவே இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒரு வீட்டில் என் பெயர், நான் செய்யாத நன்மைக்காக மதிக்கப்பட்டு வந்திருக்கிறது. பேசாமல் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பியிருக்கலாம். மெய்யாகவே ஒரு கணம் அப்படித் தோன்றியது. பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்தான். அவன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சொல்லிவிட்டேன். அன்று நண்பகலில் ஊரில்தான் இருந்தேன் என்பதையும், கேட்டார்கள் என்பதையும், “சொல்வதற்கில்லை” என்று சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் எதுவும் பேசவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து தறிக்குப் போய், அறுந்திருந்த பாவு இழை ஒன்றை முடிந்துவிட்டு வந்தார். “லுஹருக்கு நேரமாகிவிட்டது ஹஜ்ரத், வாருங்கள்” என்றார். பள்ளிவாசலில் அவர் பக்கத்தில் நின்று தொழுதேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லுங்கள் என்று கேட்க எனக்கும் உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. பேருந்து நிறுத்தம்வரை உடன் வந்தார். பேருந்து புறப்படும்போது என் மகனைப் பார்த்து, “தம்பி, நல்லபடியாகப் படியுங்கள்” என்று மட்டும் சொன்னார்.

என் வீட்டில் இப்போதும் தொடர்கள் பார்க்கிறார்கள். 2025 பிப்ரவரியில் ‘சுழ’லின் இரண்டாம் பாகம் வந்தபோது அதையும் பார்த்தார்கள். நான் தடுக்கவில்லை. இவன்தான் குற்றவாளி, அவள்தான் என்று யாரேனும் தொடங்கினால் என் மனைவி, “கண்டதைச் சொல்கிறாயா, எண்ணியதைச் சொல்கிறாயா?” என்று கேட்கிறாள். மகன் சிரித்துக்கொண்டே, “எண்ணியதைத்தான் அம்மா” என்கிறான். அடிக்கிற காட்சி வந்தால் அவன் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

வாசக அன்பர்களே, உங்களிடமும் ஒருநாள் ஒருவர் வந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றியோ, பணிப்பெண்ணைப் பற்றியோ, உங்களிடம் படித்த மாணவனைப் பற்றியோ கேட்பார். வழியில் மறித்து, அவசரமாகத்தான் கேட்பார். உங்களுக்குத் தெரிந்த நன்மையை அப்போது தயங்காமல் சொல்லிவிடுங்கள்.